கறுப்பில் அடித்த பூஜ்யம்

வேளச்சேரியில் இரண்டாவது கிளை போடலாமா என்று பார்க்க, இன்று காலை நீ போட்டுவைத்த எக்செல் ஃபைலைத் திறந்தேன். நம் லாண்ட்ரி அடுத்த மூன்று வருடம் எப்படி ஓடும் என்ற கணக்கு. உன் சம்பள வரியில் அக்டோபரிலிருந்து வெறும் பூஜ்யம். ஃபார்முலா உடைந்துவிட்டதோ என்று கட்டத்தைத் தொட்டேன். ஃபார்முலாவே இல்லை. கையால் அடித்த பூஜ்யம், அதுவும் கறுப்பில்.

உனக்கா நிறம் தெரியாது? "அடுத்த வருஷம் எவ்ளோ வரும்னு ஒரு மாடல் போட்டு எடுத்துட்டு வாங்க" என்று கடன் கேட்டுப் போன பேங்கில் திருப்பி அனுப்பியதால்தான், நாற்பது வயதுக்கு மேல் நாம் இருவரும் தி. நகரில் அந்தத் துணிக்கடை மாடி எக்செல் வகுப்பில் சேர்ந்தோம். முதல் சனிக்கிழமையே சொல்லிக்கொடுத்தார்கள். நாமாக ஊகித்து அடிக்கும் எண் நீலம், ஃபார்முலா தருவது கறுப்பு. எது நம் ஊகம் என்று திறப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது வாரம் எனக்குக் கூட்டுத்தொகை சரியாக வரவில்லை. வர வேண்டிய எண்ணை நானே அடித்துக் கறுப்பில் விட்டேன். வாத்தியார் பார்க்கும் முன் நீ பார்த்தாய். "இன்னாடா இது, கையால அட்ச்சிட்டு கறுப்புல உட்டுக்கீற? கூட தொழில் பண்றவனையே ஏமாத்துவியா?" வகுப்பே சிரித்தது. இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

இந்த ஃபைலை நீ கடைசியாகச் சேமித்தது ஏப்ரலில். நீ கண்ணை மூடியது செப்டம்பர் கடைசியில். ஏப்ரலிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னது "அல்சர் மச்சி, மாத்திர சாப்ட்டா சரியாப்பூடும்."

ஜூன், ஜூலையில் நீ மதியமே கிளம்பிவிடுவாய். ஒருநாள் இஸ்திரி போடுகிறவர்கள் முன்னாலேயே கத்தினேன், "நான் மட்டும் மாடு மாதிரி உழைக்கணுமா?" என்று. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "நாளைக்கு சீக்கிரம் வந்துடறன்டா" என்று பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாய். நான் கத்திய அந்த வார்த்தையை என் வாயிலிருந்து பிடுங்கியது நீதான். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வருகிறது.

கீழே இன்னொன்றும் பார்த்தேன். அதே அக்டோபரில் 'மேனேஜர்' என்று ஒரு புது வரி, சம்பளத்தோடு. உன் இடத்துக்கு ஆள்வரை யோசித்திருக்கிறாய். கணினியிடம் சொன்னதை, எதிர் நாற்காலியில் இருந்த என்னிடம் சொல்லவில்லை.

அந்த மேனேஜரை நான் இன்னும் வைக்கவில்லை. வைத்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் வேளச்சேரி நடக்காது. உன் பூஜ்யத்தை அழிக்கத்தான் முதலில் கை போனது. அழிக்கவில்லை. அதை நீலமாக மாற்றிச் சேமித்தேன். இனி யார் திறந்தாலும், அது தானாக வந்ததல்ல, ஒருவன் தெரிந்தே போட்டது என்று பார்த்ததுமே புரியும். கூடவே இருந்த எனக்குத்தான் புரியாமல் போயிற்று.