கோட்டுக்குள் இருந்த உயில்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நேற்று அப்பாவின் கங்காணிக் கோட்டை வெட்டினேன். கடையில் துணியைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது; உன் மச்சான் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோட்டின் உள்துணியைப் பிரித்தால், நான்காக மடித்த உயில்!

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், நீதான் ஒளித்துவிட்டாய் என்று லயத்து வீடெல்லாம் கேட்கக் கத்தினேனே, அதே உயில். தூங்கும்போதும் கோட்டைக் கழற்றாத மனிதர் வேறெங்கே வைத்திருப்பார்? எனக்குத்தான் புத்தி போகவில்லை.

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். ஊர் நிலம் முழுக்க அத்தைக்காம்! ‘அவள்தான் உழுகிறாள், அவளுக்கே’ என்று எழுதியிருக்கிறார். சண்டையில் கப்பல் ஓடாததால் இந்தியாவில் இருக்கும் அத்தைக்கே இன்னும் தெரியாது. நமக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. எனக்கு ஆட்டுக்கல். உனக்கு, அன்று நீ கேட்டும் நான் தராத அந்தக் கோட்டு.

அது இப்போது அரைக்கால் சட்டை.

“மாமா கோட்டு குளிருக்கு நல்லாத்தான் இருக்குலா, கழட்ட மாட்டேன்” என்கிறார் உன் மச்சான்.

நீ இருக்கும் தாப்பாவில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்களாம். எங்கள் மலைக்கு இன்னும் அவர்கள் வரவில்லை. தேயிலைக்கு நடுவே மரவள்ளி நிறைய விளைந்திருக்கிறது. கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி உன் பெயரைத் தோட்டத்தில் பதிந்தாயிற்று. இந்தக் கடிதம் வரும் லோரியிலேயே ஏறிவிடு.

உன் சொத்து உன் மச்சான் இடுப்பில் இருக்கிறது. நீயே வந்து கழற்றிக்கொள்.

லோரிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும்
உன் அக்கா