அப்பா மூடிய குழாய்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று ஆரம்பிக்கச் சொன்னேன். அதற்கே இந்த வாலு பேனாவை நிறுத்திவிட்டு, முதல் வரியிலேயே பொய்யாப்பா என்று கேட்கிறது. சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலது உள்ளங்கை வெந்துபோய்க் கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் கையெழுத்து அவளுடையது, வார்த்தை என்னுடையது. (அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், அக்கா. அப்பா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார், அந்தத் தைரியம்தான்.) இப்போது நாங்கள் உட்கார்ந்திருப்பது வண்டி ரிப்பேர் பட்டறையில், பழைய டயர்மேல் நான், கவிழ்த்த வாளிமேல் அவள். வீட்டில் வைத்துச் சொன்னால் அம்மா காதில் விழும், போனில் பேசினாலும் விழும்.

விஷயம் இதுதான் கண்ணு. இருபத்துநான்காம் தேதி உன் கப்பல் கிளம்புவதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பேன் என்று சொன்னேனே, அது நடக்காது. அம்மா முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அரைமணிக்கு மேல் உட்காரக்கூடாது, படுத்தபடி எவ்வளவு தூரமும் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நம் பழைய கேம்பர் வேனை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை. உள்ளே கட்டில், தலைமாட்டில் ஜன்னல், கால்மாட்டில் அடுப்பு, வேறு என்ன வேண்டும், இரண்டு நாள் ஓட்டினால் உன் துறைமுகம். நீ இரண்டு வருஷம் கடலில் இருக்கப் போகிறவள், அதற்கு முன் ஒரு தடவை உன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். போன மாதம் வண்டி நின்ற இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு எண்ணெய் தேங்கிக் கிடந்தது. (நம் வீட்டில் ஒழுக்கம் இருப்பது வண்டியிடம் மட்டும்தான், நாள் தவறாமல் ஒழுகுகிறது என்று நான் அன்றைக்குச் சொன்னேன். அப்பா சிரித்தார். அவர் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.) எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட் காய்ந்து வெடித்திருந்தது, அதை மாற்றினேன், அது சரியான வேலைதான், பட்டறைக்காரரே ஒப்புக்கொண்டார். அதோடு கையைக் கழுவியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அந்த மூடியின் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்குகிறது, அதன் நுனி எதிலும் சேரவில்லை, வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. முப்பத்தொரு வருஷம் நகராட்சியில் குழாய் ஃபிட்டராக இருந்தவன் கண்ணில் இப்படி ஒன்று பட்டால் கை சும்மா இருக்குமா? பித்தளை மூடி ஒன்றைத் தேடியெடுத்து, வெள்ளை டேப் ஏழு சுற்றுச் சுற்றி, உள்ளே செருகி, வெளியே கிளிப் போட்டு இறுக்கினேன். இவள்கூடப் பக்கத்தில் நின்று, ஏம்ப்பா, வண்டி செஞ்சவன் மூடி போட மறந்துட்டானா என்று கேட்டாள். ஆமா, அவனுக்கு என்னை மாதிரி ஆள் கிடைக்கல என்று சொன்னேன். சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது.

மறுநாளிலிருந்து ஒரு இடத்தில் ஒழுகியது நாலு இடத்தில் ஒழுக ஆரம்பித்தது. இறுக்கினேன், இன்னும் ஒழுகியது, இன்னும் இறுக்கினேன், ஒரு போல்ட் கழுத்தோடு முறிந்து கையில் வந்தது. எங்கிருந்துதான் வருகிறது என்று பார்க்க மண்ணெண்ணெயில் எஞ்சினைக் கழுவித் துடைத்து, அம்மாவின் முகப்பவுடரைத் தூவி, தெருவை நாலு சுற்று சுற்றிவந்தோம். பவுடர் நனைந்த இடம்தான் ஒழுகும் இடம் என்பது கணக்கு. நனையாத இடமே இல்லை. (கல்யாணத்துக்குக் கிளம்பி மழையில் மாட்டிக்கொண்ட பெரியம்மா முகம் மாதிரி இருந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன் அக்கா, அப்பா முகம் அதைவிட மோசமாக இருந்தது.) அடித்தொட்டியின் கேஸ்கெட்டையும் மாற்றிவிடலாம் என்று எண்ணெயை வடிக்கப் போனேன். தேதி ஓடிக்கொண்டே இருந்தது, எஞ்சின் ஆறும்வரை பொறுமை இல்லை, அடித்திருகைக் கழற்றியதும் கொதிக்கிற எண்ணெய் அப்படியே உள்ளங்கையில் இறங்கியது. அதற்குப் பிறகுதான், முந்தாநாள், கயிறு கட்டி இங்கே இழுத்துவந்தோம்.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் புகுந்து பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்தார். கையில் என் பித்தளை மூடி. இது யாரு சார் போட்டது என்று கேட்டார், நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எஞ்சின் மூச்சு விடுற குழா சார் இது, வாயையும் மூக்கையும் பொத்திட்டு ஓடுன்னா அது எங்க ஓடும், உள்ள சேர்ற காத்து எங்க இளக்கம் கிடைக்குதோ அங்க எண்ணெயைத் தள்ளிக்கிட்டு வரத்தான் செய்யும் என்று மெதுவாகச் சொன்னார். எண்ணெயைத் தடுக்கிற பின்பக்க சீல் வளையம் பிதுங்கி வெளியே வந்துவிட்டதாம், எண்ணெய் கிளட்ச் தட்டுவரை போய்விட்டதாம். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இந்தப் பழைய வண்டிக்கு அந்த சீல் வெளியூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். உன் கப்பலுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. டப்பா டப்பாவாக எண்ணெய் எடுத்துக்கொண்டு ஊற்றி ஊற்றியாவது போய்விடுகிறேனே என்று கெஞ்சினேன். கிளட்ச் வழுக்குது சார், மேட்டுல பின்னால உருளும், அம்மாவைப் படுக்க வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நிக்கப் போறீங்களா என்றார். ரயிலில் படுக்கை உண்டே என்பாய், இரண்டு இடத்தில் மாற வேண்டும், பாலம் ஏறி இறங்க வேண்டும், டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். படுக்கை வைத்த வண்டி வாடகைக்குக் கேட்டுப் பார்த்தோம், இந்த மாதம் எதுவும் காலி இல்லை.

ஊரில் எத்தனையோ வீட்டில் சொட்டுவதை நிறுத்தியவன், என் வீட்டு வண்டியின் கழுத்தை நெரித்துவிட்டேன் அம்மாடி. வேறு யார் கெடுத்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அம்மா பையைக் கட்டிக் கதவோரம் வைத்து ஐந்து நாள் ஆகிறது. வண்டி வாசலில் நின்றவரைக்கும் தினமும் காலையில் அதில் போய்ப் படுத்துப் பழகினாள், ஒருக்களித்துப் படுத்தால் வலி குறைவு என்று ஏதோ பரீட்சைக்குப் படிப்பது போலச் சொல்வாள். அவளிடம் சின்ன ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ எனக்கு ஒரு உதவி செய். வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, கப்பல் ஐந்து நாள் முன்னதாகவே கிளம்புகிறது, நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிடு. அவள் கப்பல்மேல் கோபப்படட்டும். என்மேல் கோபப்பட்டாலும் தாங்குவேன், ஆனால் அவள் கோபப்பட மாட்டாள், பரவாயில்லைங்க என்பாள், அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

நீ எங்கே போனாலும் கண்ணும் கையும் பத்திரமாக இருக்கட்டும், நிறைவாக இரு, எங்கள் ஆசி உன்னோடு வரும். கப்பலில் உனக்கு மின்சார வேலை, மெயின் சுவிட்சை நீயே உன் கையால் அணைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும், அடுத்தவர் அணைத்துவிட்டேன் என்றால் நம்பாதே. எதற்கு இருக்கிறது என்று தெரியாத எதையும் மூடாதே. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே.

இடது கையால்,
உன் அப்பா

அக்கா, இதற்குக் கீழே முழுக்க நான்தான். அப்பா எழுந்து போய் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார், திரும்புவதற்குள் முடித்துவிடுகிறேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நேற்று அப்பா கட்டு மாற்றப் போயிருந்தபோது அவளே பட்டறைக்குப் போன் செய்து கேட்டுவிட்டாள், மூடி, சீல், மூன்று வாரம் எல்லாவற்றையும். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்டி, ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பாப்பாரு, நம்பிட்ட மாதிரி இருந்துடலாம் என்றாள். பையை இன்னும் பிரிக்கவில்லை, பிரித்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவாராம். அதனால் நீ அப்பா சொன்னபடியே பொய் சொல்லு. எந்தப் பொய் என்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லி ஒத்திகை பார்த்துவிடுகிறேன், அவள் அப்படியா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும். நடிப்பெல்லாம் அந்த வார்த்தையோடு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் அவள் அழுதால் நீ உடனே போனை வைத்துவிடாதே அக்கா.