கஞ்சியில் குறையில்லை என்பதை எங்கள் சந்துக்கும் தெரிவிக்கக் கோரி

அனுப்புநர்:
க. ரூபீனா பேகம்,
(க/பெ. கலீமுல்லா)
புதுத்தோட்டச் சந்து,
மயிலாப்பூர், சென்னை – 4.

பெறுநர்:
மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
சென்னை மாவட்டம்.

பொருள்: நோன்புக் கஞ்சி பற்றி வெளியான தவறான செய்தி – தங்கள் துறையின் ஆய்வுக்கு நன்றி தெரிவித்தல் – ஆய்வு முடிவைச் சந்தில் ஒட்டவும் செய்தியைத் திருத்தச் செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும். தங்கள் துறை அலுவலர் திரு. செந்தில்குமார் கடந்த 9ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டுச் சமையற்கட்டுக்குள் வந்து, அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தண்ணீர் என ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஃபிரிட்ஜில் மிஞ்சியிருந்த முந்தைய நாள் கஞ்சியில் மாதிரி எடுத்துப் போனார். ஒரு வாரத்தில் அவரே மறுபடி வந்து, “கஞ்சியில எந்தக் குறையும் இல்லைம்மா” என்று சொன்னார். ஆள் அனுப்பாமல் நேரில் வந்து சொன்னதற்காக அன்றைய தொழுகையில் அவர் குடும்பத்துக்கும் சேர்த்து துஆ செய்தேன்.

1. ஒவ்வொரு ரமலானிலும் என் கணவரின் தையல் வருமானத்திலிருந்து ஒரு பங்கு எடுத்துவைத்து, மாலையில் ஒரு அண்டா கஞ்சி காய்ச்சிச் சந்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுப்பது எங்கள் வழக்கம். நோன்பிருப்பதால் நான் ருசி பார்ப்பதில்லை. எதிர்வீட்டில் இஸ்திரி போடும் வேலம்மாதான் தினமும் வந்து உப்பு பார்த்துச் சொல்வார். அவர் சரி என்ற பிறகுதான் அண்டா வாசலுக்குப் போகும்.

2. கடந்த 8ஆம் தேதி சனிக்கிழமை, எங்கள் சந்துப் பையன்கள் ஐந்து பேர் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து கஞ்சி குடித்தார்கள். இரவில் ஐவருக்கும் வாந்தி. வேலம்மாவின் மகன் மகேஷும் அதில் ஒருவன். மறுநாள் காலை ஓர் இணையச் செய்திச் சேனலில், ‘நோன்புக் கஞ்சி குடித்த சிறுவர்கள் மருத்துவமனையில்’ என்று வந்தது. அதில் காட்டிய பெரிய பித்தளை அண்டா எந்த ஊருடையதோ தெரியாது. என்னுடையது அலுமினியம். அதுவும் ஒரு பக்கம் நசுங்கியது.

3. அந்தச் சேனலுக்கு நானே போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். “கூறப்படுகிறதுன்னுதானே போட்டிருக்கோம் மேடம்” என்றார். கூறியது யார் என்று கேட்டேன். மருத்துவமனை வராந்தாவில் பையன்களே சொன்னதாகச் சொன்னார். அது உண்மைதான் ஐயா. என்ன தின்றீர்கள் என்று பெற்றவர்கள் கேட்டதற்கு ஐந்து பேரும் கஞ்சி என்றுதான் சொன்னார்கள். திட்டு விழாத பதில் அது ஒன்றுதான்.

4. திரு. செந்தில்குமார் மட்டும்தான் பெரியவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மத்தியானத்திலிருந்து தின்றதை எல்லாம் வரிசையாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். “திடலாண்ட வண்டில சிக்கன் துன்னோம் சார், அந்த வெள்ளை சாஸ் நெறைய ஊத்திக்கினோம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க” என்று மகேஷ் அழுதிருக்கிறான். பிறகு அவனே வந்து என்னிடம் இதைச் சொன்னான். வெயிலில் கிடந்த அந்தச் சாஸ்தான் கெட்டுப்போயிருந்ததாக ஆய்வில் தெரியவந்தது. பையன்கள் ஐவரும் நலமாக இருக்கிறார்கள், இறைவனுக்கு நன்றி.

5. பையன்களை நான் குறை சொல்லவில்லை. சிவப்புச் சாயம் போட்ட வறுவலும் பாட்டில் பானமும்தான் இன்று பிள்ளைகளுக்கு மாலைச் சாப்பாடு என்று ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலும் நோன்பு திறந்தவுடன் கை முதலில் சமோசாவுக்குத்தான் போகிறது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் மறைத்துத் தின்கிறார்கள். ஏன் வேண்டாம் என்பதைத் தங்கள் அலுவலர் போலப் பொறுமையாகச் சொல்ல யாராவது வந்தால் கேட்பார்கள்.

6. அந்தச் செய்தி இன்றுவரை அப்படியே இருக்கிறது. நான்கு வீடுகளைத் தவிர யாரும் கஞ்சிக்கு வருவதில்லை. ஆய்வு முடிவை வேலம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். “நியூஸ்ல போட்டுக்கீறாங்க, சும்மாவா போடுவாங்க பாயம்மா?” என்று தலை நிமிராமல் இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். பெற்ற வயிறு பயந்துபோயிருக்கிறது. மகன் அழுதுகொண்டே சொன்னதை நான் சொல்லி அவரை நம்பவைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே தங்களை வேண்டுவது:

கஞ்சியில் குறையில்லை என்ற ஆய்வு முடிவை, எளிய தமிழில், தங்கள் துறையின் முத்திரையுடன் எங்கள் சந்து முனையில் ஒட்டச் செய்ய வேண்டும். பையன்களின் பெயர் அதில் வரக் கூடாது. அதே முடிவை அந்தச் சேனலுக்கும் அனுப்பி, முதல் செய்தி வந்த இடத்திலேயே திருத்தமும் வரும்படி எழுத வேண்டும். தள்ளுவண்டிக்காரரும் பிள்ளை குட்டிக்காரர். அவரை விரட்டிவிடாமல், சாஸை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெருநாளுக்கு முன் இது நடந்தால் பேருதவி. உப்பைக் கரண்டியால் அளந்துதான் போடுகிறேன். இருந்தும் ஒரு நாள் கரிக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுகிறார். சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் எதிர்வீட்டில் இருக்கிறார். நான் கூப்பிட்டு அவர் வரத் தேவையில்லை. தங்கள் தாளைப் படித்துவிட்டு, பயம் தெளிந்து, அவராகவே கரண்டியைக் கையில் வாங்க வேண்டும்.

செய்த நன்மைக்கு நன்றியும், செய்யவிருக்கும் நன்மைக்கு துஆவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. ரூபீனா பேகம்

இடம்: மயிலாப்பூர்
நாள்: 18.03.2025