சிஜியின் பல்லும் சபையின் ஜெபமும்

ஆரியங்கோடு,
17.3.1996

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளையும் பசுவும் சுகம். மஸ்கட் ஆஸ்பத்திரியில் உனக்கு ராத்திரி டியூட்டியை மாற்றித் தந்தார்களா? இங்கே வெயில் ஏறிவிட்டது. ரப்பரில் பால் குறைவு.

சிஜியை ஜூன் மாதம் போர்டிங்கில் சேர்த்தால் அடங்குவாள் என்று எழுதியிருந்தாய். நானும் சம்மதிக்கும் நிலையில்தான் இருந்தேன். நாலரை வயதுக்குள் பால்வாடியில் அவளிடம் கடி வாங்காத பிள்ளை குறைவு. நிபின் கையில் பல் பதிந்த அன்று விஜயம்மா டீச்சர், "இனி ஒரு கடி உண்டுண்ணா பிள்ளைய இங்க கொண்டு வரண்டாம், கேட்டியளா" என்று சொல்லிவிட்டார்.

உதட்டில் மிளகு தேய்த்தால் சரியாகும் என்றார் சபைக் கமிட்டி ராஜதாஸ் அண்ணன். அவரே தேய்க்கவும் வந்தார். முதல் கடி அவர் விரலுக்கு விழுந்தது. அதோடு அந்த வைத்தியம் நின்றது.

அடுத்து நடந்ததை வேறு யாரும் உனக்கு எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்காக ஜெபிக்கும்படி பொன்னுதாஸ் உபதேசியாரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன். அவர் ஞாயிறு ஆராதனையில், வியாதிக்காரர்களுக்கும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காரர்களுக்கும் நடுவில், "எலியாவின் மகள் சிஜியை விட்டுக் கடிக்கும் குணம் நீங்க" என்று மைக்கில் ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நிபினின் அம்மா சொன்ன ஆமென் தனியாகக் கேட்டது.

மறுநாள் பால்வாடியில் சிஜி பெரிய ஆளாகிவிட்டாள். ஜெபம் பலித்ததா என்று சோதிக்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை நீட்டி, "ஏட்டி, கடி பாப்பம்" என்று கெஞ்சினார்களாம். கூட்டிவரப் போன நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நிபின் தன் தழும்பை அவள் மூக்குக்கு நேரே பிடித்து, "ஒனக்கு இப்ப பல்லு இல்லியா? சர்ச்சுல பிடுங்கிட்டாவளா?" என்றான்.

சிஜியின் வாய் திறந்தது. அதோடு பால்வாடி முடிந்தது, ஜூனில் போர்டிங்தான் என்று நினைத்தேன். ஆனால் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நம் கன்றுக்குட்டியை நான் அதட்டுகிற அதே குரலில், விரல்களுக்கு உள்ளிருந்து, "எலே பல்லே, சும்மா இரிலே" என்றாள். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி, சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிபின் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றுவிட்டு, ஏமாற்றத்தோடு போய்விட்டான்.

"கண்டியளா, நானொண்ணும் சொல்லல்ல. அது தானா நிறுத்தினதாக்கும்" என்றார் விஜயம்மா டீச்சர்.

உபதேசியார் இதை ஜெபத்தின் பலன் என்கிறார். அண்ணன் மிளகின் பலன் என்கிறார். சபைக் கமிட்டியில் இதைப் பற்றி இருவருக்கும் பேச்சு முற்றி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அறுபது தாண்டிய அந்த இருவரில் ஒருவருக்கும் தன் வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் தலையணையைக் கடிக்கிறாள். அதற்கு நான் அனுமதி கொடுத்திருக்கிறேன். நேற்று பால்வாடியில் தன்யாவின் கையைப் பிடித்து வாய்வரை கொண்டுபோனவள், கடைசி நொடியில் அதை முத்தமாக மாற்றிவிட்டாள். தன்யாவுக்கு நம்பிக்கை வரவில்லை, அழுதாள். இருந்தாலும் பெயரை வெட்டவேண்டாம் என்று டீச்சர் முடிவு செய்துவிட்டார்.

ஆகையால் போர்டிங்குக்கு நீ ஒன்றும் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே பிள்ளையை அடக்குவதற்கு ஆள் இருக்கலாம். தன்னைத் தானே அடக்க இவள் இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள், அதை இங்கேயே படித்து முடிக்கட்டும். உன்னை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய வாரத்தில்தான் அவள் முதன்முதலாக ஒரு பிள்ளையைக் கடித்தாள். டீச்சரிடம் அதை நான் சொல்லவில்லை.

வெயிலிலும் வேலையிலும் கர்த்தர் உன்னைத் தாங்கட்டும். ஓணத்துக்காவது லீவு கேட்டுப் பார். இதை எழுதும்போது சிஜி என் முழங்கையில் சாய்ந்து, தான் சொல்வதையும் எழுதச் சொல்கிறாள். இனி யாரையும் கடிக்கமாட்டாளாம். "அம்மா வாற அண்ணைக்கு மட்டும் ஒரு சின்ன கடி உண்டு. பொறுத்துக்கிடணும்."

உன்,
எலியா