உரிமம் செல்லாத அறை

மார்ச் 4
காணொளி வைத்தியத்தில் நான் எல்லாரிடமும் கேட்கும் முதல் கேள்வி: "இப்ப எங்க இருக்கீங்க?" நோயாளி எந்த மாகாணத்தில் இருக்கிறாரோ அந்த மாகாணத்தின் உரிமம் வேண்டும், சட்டம் அப்படி. ஆறுதான் எல்லை; என் உரிமம் அதற்கு இந்தப் பக்கம் மட்டும்தான் செல்லும்.

என் பழைய நோயாளி தபால்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். இதய நோய், பார்வையும் பாதிதான். "எங்கம்மா இருக்கீங்க?"

"எங்க வீட்லதான் டாக்டர்." பதில் சொன்னது மகன்.

மார்ச் 11
"இது என் வீடு மாதிரியே இருக்கு டாக்டர். ஆனா என் வீடு இல்ல."

அதே கட்டில், அதே கடிகாரம், அதே பச்சைத் திரைச்சீலை. நானே பார்க்கிறேனே!

"நாள் பூரா இதே பேச்சுதான்," என்றான் மகன்.

மார்ச் 18
பழகிய குளியலறைக்குப் போகும்போது சுவரில் முட்டிக்கொள்கிறாராம். மறதி நோயின் தொடக்கம் என்று எழுதி மாத்திரை கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 20
ஊர் முழுக்கத் தபால் கொடுத்தவர். சொந்த வீட்டில் வழி தப்புமா?

மார்ச் 25


"சீலைக்குப் பின்னாடி ஜன்னலே இல்ல டாக்டர். தடவிப் பாத்துட்டேன்."

"கொஞ்சம் விலக்கிக் காட்டுங்க தம்பி, அம்மாவுக்கு நிம்மதியா இருக்கும்," என்றேன். அவன் அசையவில்லை. அம்மாவே எட்டி இழுத்தார்.

சுவர். வெறும் வெள்ளைச் சுவர்.

மகன் உடைந்துபோனான். "எனக்கு வேலை ஆத்துக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரியிலேருந்து அம்மாவை நேரா இங்கதான் கூட்டிட்டு வந்தேன். இங்க டாக்டரைப் பாக்க மாசக்கணக்கா காத்திருக்கணும். எல்லை தாண்டினா நீங்களும் பாக்க மாட்டீங்க. அதான் அறையை அப்படியே எங்க வீடு மாதிரி..."

அந்தக் கணமே அழைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை. "அம்மா, உங்களுக்கு மறதி இல்ல. அந்த மாத்திரை வேண்டாம்."

அம்மா சீலையைக் கையிலிருந்து விட்டுவிட்டுக் கேட்டார்: "அப்போ என் வீட்ல இப்ப யாரு இருக்கா?"

மகன் சீலையை மறுபடி இழுத்து மூடினான்.

மார்ச் 26
எல்லைக்கு அப்பால் வைத்தியம் பார்த்துவிட்டதை, உரிமம் தரும் மருத்துவ மன்றத்துக்கு நானே எழுதிவிட்டேன்.

மே 9
உரிமம் முடக்கம். மகன் அழைத்தான். அங்கே ஒரு டாக்டர் கிடைத்துவிட்டாராம். நான் எழுதிய நோய், நான் எழுதிய மாத்திரை, இரண்டையும் அவர் தொடர்கிறார்.

"தப்புன்னு நான் சொன்னதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அது நாங்க எல்லை தாண்டினது தெரிஞ்சப்புறம் சொன்னது, செல்லாதுங்கறார். முன்னாடி எழுதினது, பதிவுல உங்க பக்கம்னுதான் இருக்காம்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கிட்டே இருக்காங்க டாக்டர். இப்பல்லாம் எதுவும் கேக்கறதில்ல. நல்ல முன்னேற்றம்னு எழுதிக் குடுத்திருக்கார்."