மாற்றுப் பெட்டியும் மாக்கிறட்டும்

அரிப்பு
22.06.2014, ஞாயிறு

அன்பு மகள் அஞ்சலாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த மலைக்குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். வியாழக்கிழமை நீ போனில் பாலர் பள்ளியில் மாற்றுப் பெட்டி எப்படிப் போகிறது என்று கேட்டபோது நல்லாய்ப் போகுது என்று சொல்லிவிட்டேன். அன்று உனக்குச் சொல்லாதது ஒன்று, அதற்கு முதல் நாள் மாக்கிறட்டுக்குச் சொல்லாதது ஒன்று, இரண்டும் ஒரே விஷயம்தான். அப்பா பக்கத்தில் இருந்து வலைக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார், அதனால் வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று இந்தக் கடிதம்.

நீ படிக்கிற அந்தச் சுழற்சிப் பொருளாதாரத்தை நாலு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தாய் அல்லவா, நான் சொல்லவில்லை, விளையாட விட்டேன். பத்தொன்பது பிள்ளைகளும் வட்டமாக நின்று ஒரு வெறும் போத்தலைக் கைமாற்ற வேண்டும், கீழே போட்டால் அது குப்பை, கைமாறிக்கொண்டே இருந்தால் அது சாமான். மீன் செதிலையும் முள்ளையும் முற்றத்தில் குழி தோண்டிப் போட்டுப் பப்பாசிக் கன்று வைத்தோம், முள் திரும்பிப் பழமாக வரும் என்றேன். அதைக் கேட்ட ஒருவன் அடுத்த நாள் தன் அண்ணனின் ஒரு கால் செருப்பைக் கொண்டுவந்து கன்றுக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு, எத்தனை நாளில் சோடியாக வரும் என்று கேட்டான். அப்பாவுக்கு இரண்டு நாள் இதே சிரிப்பு. “ஊரெல்லாம் பிள்ளையளுக்கு ஆனா ஆவன்னா படிப்பிக்குது, கொம்மா குப்பை பொறுக்கப் படிப்பிக்கிறா எண்டு உன்ர மகளுக்கு எழுதப்போறன்” என்கிறார். பிறகு அவரே மூடி உடைந்த ஐஸ் பெட்டி ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார், அதுதான் மாற்றுப் பெட்டி. சிறுத்துப்போனதை, அலுத்துப்போனதை அதில் வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம், பாவித்து முடிந்தால் திரும்ப வைக்க வேண்டும்.

யெனிற்றாவை உனக்குத் தெரியாது, மாக்கிறட்டின் மூத்தவள். தை மாதம் சேர்ந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை, அழவும் இல்லை, கதவுப் பக்கம் பார்த்தபடி இருப்பாள். அந்த வட்ட விளையாட்டில்தான் ஒருநாள் திடீரென்று “இப்ப என்ர முறை” என்றாள், நான் அன்று முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிற தையில் அவள் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். போன செவ்வாய் அவள் பெட்டியிலிருந்து ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அது அவளோடு படிக்கிறவள், சம்மாட்டியின் மகள், வைத்தது. மாக்கிறட்டின் புருஷன் அந்தச் சம்மாட்டியின் படகில்தான் கூலிக்குப் போகிறான். வழியில் சம்மாட்டியின் பெண்சாதி கண்டுவிட்டு, “அட, எங்கட பிள்ளையின்ர சப்பாத்து! போடட்டும், போடட்டும், இன்னும் கிடக்கு, வேணுமெண்டா வந்து கேள்” என்றாளாம், நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பாள்.

புதன் காலை மாக்கிறட் அந்தச் சப்பாத்தைச் சொப்பிங் பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மற்றத் தாய்மாரும் நின்றார்கள். “ரீச்சர், முகாமில பொதி பிரிச்சுத் தந்ததை வரிசையில நிண்டு வாங்கி, ஆற்றையோ வேர்வை மணத்ததைப் போட்டது எனக்குக் காணும். ஊருக்குத் திரும்பின வருசம் மடுவில முழங்காலில நிண்டு நேந்தனான், என்ர வயித்தில வாற பிள்ளை ஒருநாளும் மற்றவை கழிச்சதைப் போடாதெண்டு. ஆடித் திருவிழாவுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, மாதாவுக்கு நான் என்ன முகத்தைக் காட்டிறது? நீங்கள் உங்கட பிள்ளைக்கு இப்பிடிப் போட்டனீங்களோ?” என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நேர்த்தி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான் சொல்லவில்லை.

பதில் இதுதான். நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. சட்டைப் பொதிகள் வந்தபோது, வாசிக்கத் தெரிந்தவள், நியாயமாகப் பிரிப்பாள் என்று என்னைத்தான் அந்த வேலைக்கு விட்டார்கள். கழுத்தில் வெள்ளை லேஸ் வைத்த நீலச் சட்டை உனக்கு அதிர்ஷ்டத்தில் வந்தது என்று சொன்னேன், அப்படி இல்லை மகள். பொதியை அவிழ்த்த உடனே அதை எடுத்து என் துவாய்க்குள் சுற்றி வைத்துவிட்டேன். நல்லவை இன்னும் நாலைந்து தெரிந்த வீடுகளுக்குப் போயின. வரிசையின் கடைசியில் நின்ற மாக்கிறட்டுக்கு, கலியாணம் முடித்து மூன்று மாதமான பெட்டைக்கு, ஒரு ஆம்பிளைச் சேட்டும் கை கிழிந்த சட்டையும் நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், நான் அடுத்த பொதியை அவிழ்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

நேற்றுப் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தாள், யெனிற்றா உள்ளே நின்று எட்டிப் பார்த்தாள், வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மாக்கிறட் ஊசியை நிறுத்தவில்லை. “தெரியும் ரீச்சர். நீலச் சட்டை. அஞ்சலா பூசைக்கு முன்னுக்கு நிண்டவள், நான் ஆம்பிளைச் சேட்டோட பின்னுக்கு நிண்டு அந்த லேஸில எத்தினை வளைவு எண்டு எண்ணிக்கொண்டிருந்தனான். சாமியார் சொன்னது ஒண்டும் காதில விழயில்லை. அண்டைக்குச் செத்திருந்தா நேரா நரகம்தான்” என்றுவிட்டுச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு, “கோவிக்காதேங்கோ, ஒண்டு கேக்கிறன். உங்கட பெட்டியில சம்மாட்டியின்ர பிள்ளை எதாவது எடுத்தவளோ?” என்றாள். இல்லை என்றேன். “எங்கட பிள்ளையள் எதாவது வைச்சதுகளோ?” யோசித்துப் பார்த்தேன், ஒரு போத்தல் மூடி, பல்லுப்போன சீப்பு ஒன்று. “வட்டமா வரும் வட்டமா வரும் எண்டு இவள் வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிஞ்சாள். இது என்ன வட்டம் ரீச்சர்? முகாமுக்கு வந்த லொறியும் இப்பிடித்தான், நிறைச்சு வரும், வெறுமையாப் போகும்.” திங்கட்கிழமை பிள்ளையை விடுவாயா என்று கேட்டேன். “பாப்பம்” என்றாள், அவ்வளவுதான்.

சட்டைகளையும் சப்பாத்துகளையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். வைக்காதவர் எடுக்கக்கூடாது என்று சட்டம் போடலாம், ஆனால் வைக்க ஒன்றும் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று நேற்று இரவிலிருந்து யோசிக்கிறேன். உன் புத்தகங்களில் இதற்கு ஏதாவது எழுதியிருந்தால் பார்த்து எழுது, எழுதியிராவிட்டாலும் நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. நீலச் சட்டை பற்றி உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும், அதையும் எழுது, போனில் மட்டும் கேட்காதே, அப்பாவுக்கு நானே சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, பாணும் சம்பலுமாகவே நாளை ஓட்டாதே, தலை காயாமல் படுக்காதே. அப்பா உனக்குச் சூடைக் கருவாடு காய வைக்கிறார், அறைப் பிள்ளைகளுக்கும் கொடு. விடுதிப் படிவத்தை மாத முடிவுக்குள் கொடுக்க மறக்காதே, போன முறை ஓடித்திரிந்தது நினைவிருக்கட்டும். மடு மாதா உன் தலைமாட்டில் நின்று காக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும் என் பிள்ளை.

அன்போடு முத்தங்கள்,
உன் அம்மா
றோஸ்மேரி

புதன்: மன்னாருக்குப் போகிற ஆள் கிடைக்காமல் கடிதம் இங்கேயே கிடந்தது. திங்களும் செவ்வாயும் யெனிற்றா வரவில்லை. இன்று மாக்கிறட் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் காலில் புது றப்பர் செருப்பு, கையில் கிழிந்த தங்கூசி வலையைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கி முடிந்த பந்து. அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் தன் இடத்தில் போய் இருந்தாள். இடைவேளைக்கு முன்னரே சம்மாட்டியின் மகள் அதை எடுத்துவிட்டாள்.