கழிவென்று எடுத்துச் செல்லப்பட்ட மஞ்சள் புட்டி

அனுப்புநர்:
லியாவ் பி-யுன்,
காலைச் சிற்றுண்டிக் கடை (தரைத்தளம்) மற்றும் குடியிருப்பு (நான்காம் தளம்),
மீன்சந்தைப் பின்தெரு, யுன்தான் வட்டம், தெற்குத் தைவான்.

பெறுநர்:
மேலதிகாரி அவர்கள்,
வட்டச் சுற்றுச்சூழல் அலுவலகம், யுன்தான்.

பொருள்: எங்கள் மொட்டைமாடியிலிருந்து "கழிவு அமிலம்" என்று கைப்பற்றப்பட்ட புட்டியை வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றாமல் நிறுத்திவைக்கவும், அதனுள் கரைந்திருக்கும் தங்கத்தை உரியவரிடம் சேர்க்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவசரம் மட்டுமே உண்டு. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

1. நான் முட்டை ரொட்டியும் சோயாப் பாலும் விற்கிறவள். பதினொரு மணிக்குக் கடை மூடிவிட்டால் அதன் பிறகு எனக்கு வேலை கிடையாது. என் கணவர் பழைய கணினிகளைப் பழுது பார்ப்பவர். வீட்டில் அட்டைகளும் சில்லுகளும் குவிந்து கிடந்தன. அவற்றின் ஓரத்தில் பூசியிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. முதல் முறை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு வாளி பச்சைக் குழம்பு செய்தேன். "பி-யுன், இதுக்கு வெங்காயத்தாள் தூவட்டுமா?" என்று என் கணவர் கேட்டார். பல முயற்சிகளுக்குப் பிறகு எள்ளளவு தங்க மணி ஒன்று உருக்கும் மூசையின் அடியில் மின்னியது. ஐயா, அன்று மாலை எங்கள் தெருவில் என் கையைப் பிடித்து அதைப் பார்க்காதவர் எவரும் இல்லை. பிறகு தெரிந்தவர்களின் உடைந்த தோடு, அறுந்த சங்கிலி என்று சிறு வேலைகளும் வரத் தொடங்கின.

2. புகை விஷயத்தில் தவறு என்னுடையது. அதை மறுக்கவில்லை. பக்கத்து மாடியில் திரு. சுவாங் ஜின்-ஷுய் பந்தயப் புறாக்கள் வளர்க்கிறார். சித்திரை வெயிலில் ஒருநாள் என் சட்டியிலிருந்து செம்பழுப்புப் புகை எழுந்து நேராக அவர் கூண்டின் பக்கம் போனது. பயிற்சிக்குப் பறந்துவிட்டுத் திரும்பிய புறாக்கள் கூண்டில் இறங்க மறுத்து, கோவில் கூரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. பொழுது சாயும்வரை அவர் விசிலடித்தார், தகரத்தைத் தட்டினார், கெஞ்சினார். ஒன்றும் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கீழே முட்டை ரொட்டி, மேலே விஷப் புகையா? உன் கடைப் பலகையில இதுக்கு என்ன விலை போட்டிருக்கே?" மறுநாளே தங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். நியாயமான புகார்.

3. நான் ரொட்டிப் பொட்டலத்தோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டார், மன்னிப்பை வாங்கவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து அவரே படியேறி வந்து, கைக்குட்டையைப் பிரித்து, "இதையும் சுத்தம் பண்ணுவியா?" என்று கேட்டார். உள்ளே இரண்டு தங்கப் பற்கள் இருந்தன.

அவை சென்ற ஆண்டு காலமான அவருடைய மனைவி ஆ-குய் அம்மாவின் பற்கள். அவருடைய புறா ஒரு பெரிய பந்தயத்தில் ஜெயித்த ஆண்டு கட்டிக்கொண்டவை. "ஜெயிச்சதை எல்லார்கிட்டயும் நான் எதுக்குச் சொல்லணும், சிரிச்சாப் போதாதா?" என்பாராம் அந்த அம்மா. சந்தையில் தங்கம் வாங்கும் கடைக்காரர் அவற்றை உரசிப் பார்த்துவிட்டு, வேறு யார் யாருடையவோ பற்கள் கிடந்த பிளாஸ்டிக் தட்டில் எறிந்தாராம். சுவாங் அண்ணன் தட்டிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "என் பெண்டாட்டி பல்லை ஊரான் பல்லோட கலக்க விடமாட்டேன். நீ தனியா, இதை மட்டும் செய்வியா?" என்றார்.

ஐயா, பெரிய ஆலைகள் இதைச் செய்யாது. இவ்வளவு சிறு தங்கத்தைத் தனியாகச் சுத்திகரிப்பதற்கு என்னைப் போல் பொழுதுபோக்காகச் செய்பவள்தான் வேண்டும். செய்கிறேன் என்றேன். அதில் வரும் தங்கத்தில் தன் வெற்றிப் புறாவுக்குக் கால் வளையம் செய்ய நினைத்திருந்தார். அவர் மகள் போட்ட சத்தத்தில் அந்த எண்ணம் மகளின் கழுத்துக்கு ஒரு மணி என்று மாறியது.

4. இனி மாடியில் அமிலம் காய்ச்சுவதில்லை என்று முடிவு செய்து, ஊருக்கு வெளியே உரிமம் பெற்ற முலாம் பட்டறையில் புகைப்போக்கி உள்ள மேசை ஒன்றைப் பேசி வைத்தேன். என் முறை வரப் பல மாதங்கள் ஆகி, சென்ற வாரம்தான் கிடைத்தது. பற்களை அங்கேயே, தங்கத்தையும் கரைக்கும் அமிலமான இராஜ திராவகத்தில் கரைத்து, வடிகட்டி முடித்தேன். வெள்ளைப் பொடி போட்டுத் தங்கத்தைப் படியவைக்கும் கடைசி வேலையைச் சுவாங் அண்ணன் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டதால், மஞ்சள் கரைசல் நிறைந்த புட்டியை மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று பிற்பகல், சித்திரையில் கொடுத்த புகாரின் பேரில் தங்கள் இளம் அதிகாரி திரு. பெங் வந்து சேர்ந்தார்.

அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். புட்டியைப் பார்த்தார், கையுறை போட்டார், சீட்டு ஒட்டினார். நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. சுவாங் அண்ணன் பனியனோடு ஓடிவந்து, "ஐயா, புகார் கொடுத்தவனே நான்தான்! திருப்பி வாங்கிக்கிறேன்!" என்று கத்தினார். "புகாரைத் திருப்பி வாங்கலாம் தாத்தா, அமிலத்தைத் திருப்பித் தர முடியாது" என்று திரு. பெங் புட்டியோடு இறங்கிவிட்டார். அண்ணன் அப்படியே புறாத் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "நானே புகார் கொடுத்து நானே என் பெண்டாட்டியைப் பிடிச்சுக் குடுத்துட்டேனே" என்றார்.

5. நேற்று நாங்கள் இருவரும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். திரு. பெங் அனுமதியோடு, வெள்ளைத் தாளில் அந்தப் புட்டியின் ஒரு சொட்டையும் தங்கத்தைச் சோதிக்கும் என் தகரக் கரைசலின் ஒரு சொட்டையும் விட்டேன். தாள் கத்தரிப்பூ நிறமானது. தங்கம் இருந்தால் மட்டுமே இப்படி நிறம் மாறும் என்று சொன்னதும் எழுத்தர்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். "அக்கா, என் வீட்டுல ரெண்டு பழைய கம்ப்யூட்டர் கிடக்கு..." என்று ஒருவர் தொடங்கினார். திரு. பெங் அவரைப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றது. பிறகு திரு. பெங்கே தலையைச் சொறிந்து, "கழிவுன்னா லாரிக்குப் போகணும், பொருள்னா உங்ககிட்ட வரணும். இது ரெண்டும் ஒரே புட்டியில இருக்கே. மேலதிகாரிக்கு எழுதிக் குடுங்க" என்றார். அதனால்தான் இம்மனு.

6. லாரி வெள்ளிக்கிழமை வருகிறது. சென்றுவிட்டால் அந்தப் புட்டி நூறு பட்டறைகளின் அமிலத்தோடு ஒரே தொட்டியில் கொட்டப்பட்டு, சுண்ணாம்புச் சேறாகிவிடும். அதன்பின் எந்த உத்தரவாலும் அதை மீட்க முடியாது.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, தங்கள் அலுவலக முற்றத்திலேயே, தங்கள் அதிகாரிகளின் முன்னிலையில், அந்தப் புட்டியில் நான் ஒரு கரண்டி பொடி போட அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். தண்ணீர் தெளிந்து, காப்பித்தூள் போல் ஒன்று அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீரைச் சட்டப்படி அலுவலகமே வைத்துக்கொள்ளட்டும். அடியில் படிவதை ஆ-குய் அம்மாவின் கணவரிடம் கொடுங்கள். புகை எழுப்பியதற்கான நடவடிக்கை எதுவாயினும் மறுபேச்சின்றி ஏற்கிறேன்.

இடம்: யுன்தான்
தேதி: 16.10.2024

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) லியாவ் பி-யுன்

மேற்கண்டது உண்மை. புகார் கொடுத்தவனும் நானே, புகாரால் பாதிக்கப்பட்டவனும் நானே.
(ஒப்பம்) சுவாங் ஜின்-ஷுய்

அலுவலகக் குறிப்பு: வியாழன் பிற்பகல் முற்றத்தில் செய்யலாம். சன்னல்களை மூடிவைக்கவும். நானும் வருகிறேன். – மேலதிகாரி

வியாழன் மாலை: படிந்த பொடி கழுவி, உலர்த்தி திரு. சுவாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மீதித் திரவம் லாரிக்கு. பெற்றுக்கொண்டவர் கையெழுத்திடச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார், யாரும் அவசரப்படுத்தவில்லை. – பெங்